கை உரிந்தால், எந்த விரல் என்று பாருங்கள்

ரேஷன் கடையில் என் அத்தையின் கட்டைவிரலை நான்கு முறை வைத்தும் கருவி ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார். இடது கையை மாற்றி வைத்தார். "வேற விரல் வைங்கம்மா" என்று கடைக்காரர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் வலது கை மோதிர விரலை வைத்தபோதுதான் பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே வந்ததும் அத்தையின் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியும் காய்ந்த வெங்காயச் சருகுபோல் உரிந்திருந்தன. அடியில் தெரிந்த தோல் மெல்லிய ரோஜா நிறத்தில் பளபளவென்று இருந்தது, ரேகையே இல்லை. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சொரசொரத்து, மடிப்புகளில் கீறிய மாதிரி வெடித்திருந்தன. மோதிர விரலும் சுண்டுவிரலும் மட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்தன. "உடம்புச் சூடுடா. மோர் குடிச்சா சரியாயிடும்" என்றார் அத்தை.

சூடாக இருந்தால் பத்து விரலும் உரிய வேண்டாமா? இடது கையில் ஏன் அந்த மூன்று விரல்கள் மட்டும்? அத்தை வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்பவர். தினமும் ஒரு கூடை பூண்டு உரிப்பார். இடது கையின் அந்த மூன்று விரல்களில்தான் பூண்டுப் பல்லைப் பிடித்துக்கொள்வார், வலது கையில் கத்தி இருக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த பாத்திரங்களைக் கம்பி நாரும் சோப்பும் போட்டு வலது கையால் தேய்ப்பார். அந்த உரிந்த விரல்களுக்குள் அவருடைய ஒரு நாள் வேலை முழுக்க எழுதியிருந்தது.

கைத்தோல் உரிவதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். உரிதல் தனி நோய் அல்ல, வேறொன்று நடந்து முடிந்ததற்கான தடயம். அந்தத் தடயம் எங்கே இருக்கிறது, ஒரு கையிலா இரண்டிலுமா, அரிக்கிறதா இல்லையா, அதற்குச் சில நாட்களோ வாரங்களோ முன்னால் என்ன நடந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். இதையெல்லாம் பார்க்காமல் மருந்துக்கடைக்குப் போய் "கை உரியுது, ஏதாவது ட்யூப் குடுங்க" என்று கேட்பதில்தான் பல பேருடைய தொல்லை தொடங்குகிறது.

நம் தோலின் மேல் அடுக்கு எப்போதும் உதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலே நகர்ந்து, வழியிலேயே இறந்து, தட்டையாகி, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக விழுகின்றன. இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம், வயதானவர்களுக்கு அதற்கு மேலும் ஆகும். மேலே சேர்ந்த இறந்த செல்களைச் செங்கல் என்றும், அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்பைச் சாந்து என்றும் வைத்துக்கொள்ளுங்கள். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சாந்து. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியில் இருக்கும் வேதிப்பொருள் உள்ளே வராமலும் காப்பது அதுதான். சாந்து கரைந்தால் செங்கற்கள் பிடிமானம் இழந்து, துகளாக உதிர வேண்டியவை தாள் தாளாகப் பெயர்கின்றன. அதைத்தான் நாம் உரிதல் என்கிறோம்.

உள்ளங்கைக்கு இன்னொரு கூடுதல் சிக்கலும் உண்டு. அங்கே தோல் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு தடிமன், ஆனால் எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது. முகமும் தலையும் தாமே எண்ணெய் பூசிக்கொள்ளும். உள்ளங்கைக்கு அந்த வசதி இல்லை. அங்கே நெருக்கமாக இருப்பதெல்லாம் வியர்வைச் சுரப்பிகள்தான். வீட்டிலேயே அதிகம் கழுவப்படும் உறுப்பும் அதுதான்.

தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்புக் கட்டி 9, 10 என்று காரப் பக்கம் நிற்கிறது. ஒரு முறை கழுவினால் தோல் சில மணி நேரத்தில் தன் நிலைக்குத் திரும்பிவிடும். திரும்புவதற்குள் மறுபடி கழுவி, மறுபடி பாத்திரத்தில் கை வைத்து, மறுபடி துணி அலசினால் அது திரும்புவதற்கு நேரமே இல்லை. வெந்நீராக இருந்தால் சாந்து இன்னும் வேகமாகக் கரையும். சோப்பே இல்லாத வெறும் தண்ணீர்கூடப் போதும். ஊறிய தோல் உப்பும், காயும்போது சுருங்கும். இந்த உப்பலும் சுருக்கமும் நாள் முழுக்க நடந்தால் தோல் விரிசல் விட்டுவிடும். ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, சுமார் 20 முறைக்கு மேல் கழுவ நேர்ந்தாலோ, தோலுக்கு ஆபத்துள்ள 'ஈர வேலை' என்று அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது தொழில்நல மருத்துவத்தில் வழக்கம். இந்தக் கணக்கில் நம் ஊர் வீடுகளில் சமையலறையைப் பார்க்கும் பெண்களில் யார் தப்புவார்கள்? டீக்கடையில் டம்ளர் கழுவுபவர், பார்லரில் தலை அலசிவிடுபவர், செவிலியர், வீட்டு வேலைக்குப் போகும் அக்கா, மீன் சுத்தம் செய்து தருபவர் எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். 2020-இல் கொரோனா வந்து எல்லோரும் கை கழுவத் தொடங்கியபோதுதான் மற்றவர்களுக்கும் இது என்னவென்று தெரிந்தது. தொழிலால் வரும் கைத்தோல் அழற்சியில் பெரும்பகுதி ஒவ்வாமையே கிடையாது, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போவதுதான்.

மோதிரம் போட்டவர்கள் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். முதலில் உரிவது மோதிரத்துக்கு அடியில்தான். சோப்புத் தண்ணீர் அங்கே போய்த் தேங்கி, எவ்வளவு அலசினாலும் வெளியே வராது. "தங்கம் ஒத்துக்கலை" என்று பலரும் மோதிரத்தை மாற்றுவார்கள். பாத்திரம் கழுவும்போது கழற்றி வைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

அத்தையின் இடது கை இந்த வகை மட்டும் அல்ல. பூண்டில் டைஅல்லைல் டைசல்ஃபைடு என்று ஒரு கந்தகச் சேர்மம் இருக்கிறது. நாள் கணக்கில் அது பட்டுக்கொண்டே இருந்தால் சிலருடைய உடல் அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும். அப்புறம் ஒரு பல் உரித்தாலும் போதும், ஓரிரு நாளில் விரல் நுனி சிவந்து, தடித்து, வெடித்து, உரியும். பூண்டைப் பிடிக்கும் கையின் முதல் மூன்று விரல்களில் மட்டும் வருவது இதன் முத்திரை. தோல் மருத்துவர்கள் அந்த மூன்று விரலைப் பார்த்ததும் சமையல் வேலையா என்றுதான் கேட்பார்கள். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று, இந்தச் சேர்மம் சாதாரண ரப்பர் கையுறைகளை ஊடுருவிவிடும். கையுறை போட்டும் குறையவில்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

சிமெண்ட் இன்னொரு பெரிய கதை. ஈரச் சிமெண்டின் பிஎச் 12-க்கு மேல், தோலைச் சுடும் அளவு காரம். அதோடு அதில் குரோமியம் உப்பு கரைந்திருக்கும். கொத்தனார், சித்தாள் கைகளில் வருடக் கணக்கில் ஆறாமல் வெடித்து உரியும் அழற்சிக்கு அதுவே முக்கியக் காரணம். டென்மார்க்கில் 1980-களின் தொடக்கத்திலேயே சிமெண்டில் இரும்பு சல்ஃபேட் கலந்து அந்தக் குரோமியத்தைத் தோலுக்குள் புகாத வடிவத்துக்கு மாற்றினார்கள். 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வந்தது. அதற்குப் பிறகு அங்கே கட்டடத் தொழிலாளர்களிடம் குரோமியம் ஒவ்வாமை நன்றாகவே குறைந்தது. மருந்தால் முடியாததைச் சிமெண்டை மாற்றிச் செய்தார்கள். இங்கே சாந்துச் சட்டி சுமக்கும் கைகளில் பெரும்பாலும் ஒரு துணிகூட இல்லை. அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறவில்லை.

இனி, எந்த வேலையும் செய்யாதவர்கள் கையும் உரிகிறதே என்று கேட்பவர்களுக்கு வருகிறேன். கல்லூரி வயதுப் பிள்ளைகள் பலர் சித்திரை, வைகாசி வந்தால் இதைச் சொல்வார்கள். அரிப்பு இல்லை, வலி இல்லை, திடீரென்று உள்ளங்கையில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி. உற்றுப் பார்த்தால் சின்னக் கொப்புளம் மாதிரி இருக்கும். ஆனால் கிள்ளினால் நீர் வராது, உள்ளே காற்றுதான். அடுத்த நாள் அதன் மூடி உடைந்து, ஓரம் மட்டும் வளையமாக நிற்கும். வளையம் நாளுக்கு நாள் அகலும், பக்கத்து வளையத்தோடு சேரும். ஒரு வாரத்தில் உள்ளங்கை, மேப்பில் தீவுகள் வரைந்த மாதிரி ஆகிவிடும். இதற்குக் கெரட்டோலைசிஸ் எக்ஸ்ஃபோலியேட்டிவா என்று பெயர். பெயர்தான் பெரிது, ஆபத்தே இல்லாத ஒன்று. கை அதிகம் வியர்ப்பவர்களுக்கும் வெயில் காலத்திலும் கூடுதலாக வரும் என்பதால், "சூடு" என்று நம் வீடுகளில் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. தொற்றாது, பூஞ்சை இல்லை, ஸ்டீராய்டு களிம்பு இதில் வேலை செய்யாது. சோப்பைக் குறைத்து, யூரியா அல்லது லாக்டிக் அமிலம் கலந்த கிரீம் போட்டு வந்தால் சில வாரங்களில் புதுத் தோல் வந்துவிடும். அடுத்த வெயிலில் மறுபடி வரலாம், அப்போதும் பயப்பட வேண்டாம்.

இதையே போல் தெரிந்தாலும் அரிப்பு உயிரை எடுத்தால் அது வேறு. விரல்களின் பக்கவாட்டில், தோலுக்கு அடியில், வேக வைத்த ஜவ்வரிசியைப் புதைத்து வைத்த மாதிரி கெட்டியான சிறு கொப்புளங்கள் வரும். அவை உடைவதற்கு முன்பே இரவில் தூக்கம் போய்விடும். மூன்று, நான்கு வாரத்தில் கொப்புளம் காய்ந்து, அந்த இடம் முழுக்க உரியும். பாம்ஃபோலிக்ஸ் என்னும் கைக் கரப்பான் இது. பெரும்பாலானவர்கள் உரியும் கட்டத்தில்தான் மருத்துவரிடம் போகிறார்கள். "முன்னாடி கொப்புளம் இருந்துச்சா, அரிச்சுச்சா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மன அழுத்தம், வியர்வை, நிக்கல் ஒவ்வாமை, சில நேரம் காலில் இருக்கும் பூஞ்சைத் தொற்று என்று தூண்டுவதற்குப் பல காரணங்கள். இதற்குத்தான் ஸ்டீராய்டு களிம்பு உண்மையில் உதவும், அதுவும் மருத்துவர் சொன்ன வலிமையில், சொன்ன நாட்களுக்கு மட்டும்.

ஒரு கை மட்டும் உரிகிறதா? அப்படியானால் உடனே காலைப் பாருங்கள். இரண்டு பாதங்களும் ஒரு கையும் என்று ஒரு விசித்திரமான கூட்டணி பூஞ்சைத் தொற்றில் உண்டு. உள்ளங்கை லேசாகத் தடித்து, ரேகை மடிப்புகளுக்குள் மாவு தூவியது போல வெள்ளையாகப் படிந்திருக்கும். அரிப்பு அவ்வளவாக இருக்காது. காலைச் சொறியும் கைக்கு அது ஏறியிருக்கும். நகமும் மஞ்சளாகத் தடித்திருக்கலாம். கொஞ்சம் தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரிந்துவிடும். செலவு குறைந்த, சில நிமிடச் சோதனை அது.

இந்த இடத்தில்தான் அந்த ட்யூப் விவகாரத்தைச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் பல களிம்புகளில் க்ளோபெட்டசால் போன்ற மிக வலிமையான ஸ்டீராய்டும், ஒரு பூஞ்சைக்கொல்லியும், ஒரு ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்திருக்கும். போட்ட இரண்டு நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடும், "நல்ல மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்வோம். அடியில் பூஞ்சை சாகவில்லை. அதைத் தடுத்துக்கொண்டிருந்த உடலின் காவலைத்தான் மருந்து தூங்க வைத்திருக்கிறது. நிறுத்தியதும் இரண்டு மடங்காகப் படரும். வடிவமே மாறிப்போய், பார்க்கும் மருத்துவருக்கும் அடையாளம் தெரியாது. இந்தியா முழுக்கப் படர்தாமரை இன்று சாதாரண மருந்துக்கு அடங்காமல் போனதில் இந்தக் களிம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று தோல் மருத்துவர்கள் வருடக் கணக்கில் சொல்லி வருகிறார்கள். 2018-இல் மத்திய அரசு, தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருந்துச் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்தது, பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. என்ன நோய் என்று தெரியாமல் அந்த ட்யூபைத் தொடாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நாற்று நடுபவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் எல்லோருக்கும் தெரியும். கையிலும் அதே மாதிரி ஒன்று வரும், பெரும்பாலும் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில். தோல் வெள்ளையாக ஊறி, நடுவில் சிவந்து பச்சைப் புண்ணாகி, ஓரத்தில் உரியும். கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைத் தொற்று அது. கழுவிய பின் அந்த இடுக்கைத் துடைக்காமல் விடுவதுதான் அதற்கு வாசல். அடிக்கடி வந்தால் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள்.

உள்ளங்கையில் தெளிவான ஓரத்தோடு தடித்த செதில், கூடவே முழங்கையிலோ தலையிலோ அதே மாதிரி, நகத்தில் ஊசியால் குத்திய மாதிரி குழிகள் என்றால் சோரியாசிஸாக இருக்கலாம். அதற்கு நீண்ட காலச் சிகிச்சை உண்டு, தொற்றாது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத் திட்டுகள், அரிப்பே இல்லாமல், சுற்றிலும் மெல்லிய செதிலோடு வந்தால், பாலுறவால் பரவும் சிஃபிலிஸ் நோயின் இரண்டாம் கட்டமாகவும் இருக்கலாம். வெட்கத்தால் இதைத் தள்ளிப் போடுபவர்கள் உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பென்சிலினால் குணமாகும், அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய சில நாட்களில் அல்லது வாரங்களில் தோல் உரிந்து, கூடவே காய்ச்சல், வாயில் புண், கண் எரிச்சல் என்று வந்தால் அன்றே, அந்த மணியே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வலிப்பு மருந்துகள், சல்ஃபா மருந்துகள், யூரிக் அமிலத்துக்குத் தரும் அல்லோப்யூரினால் போன்றவை மிகச் சிலருக்கு இப்படி உயிருக்கே ஆபத்தாக மாறும்.

குழந்தைகள் விஷயத்தில் காலண்டரைப் பின்னோக்கித் திருப்ப வேண்டும். கை, கால், வாய் நோய் வந்து போன பிறகு விரல் நுனி உரியும். ஒன்றிரண்டு மாதம் கழித்து நகம்கூட அடியிலிருந்து கழன்று விழும். 2022-இல் கேரளத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பரபரப்பானது இந்த நோயின் ஒரு வகைதான். நகம் விழுந்ததைப் பார்த்துப் பெற்றோர் பதறுவார்கள், ஆனால் புது நகம் தானாகவே முளைக்கும். பதற வேண்டியது வேறு ஒன்றுக்கு. 5 நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், சீழ் இல்லாமல் சிவந்த கண்கள், வெடித்த உதடு, ஸ்ட்ராபெரி போல் சிவந்த நாக்கு, வீங்கிய கைகள் என்று இருந்து, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நகத்தை ஒட்டித் தோல் உரியத் தொடங்கினால் அது கவாசாகி நோயாக இருக்கலாம். ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1967-இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதி அடையாளம் காட்டிய நோய் இது. சிகிச்சை இல்லாமல் விட்டால் இதயத்தின் ரத்தக் குழாய்கள் புடைத்துப் பழுதாகலாம். காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் மருந்து கொடுப்பது நல்லது. உரியும்வரை காத்திருந்தால் அந்த அவகாசம் தாண்டியிருக்கும். அதனால் கை உரிவதைப் பார்த்ததும், போன மாதம் வந்த காய்ச்சலைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள், குழந்தையின் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள்.

வைட்டமின் குறைவு என்று நினைத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவர்கள் ஏராளம். நியாசின் என்னும் வைட்டமின் குறைவால் வரும் பெல்லாக்ரா உண்மையிலேயே கைத்தோலை உரிக்கும். ஆனால் அது வெயில் படும் புறங்கையிலும் கழுத்திலும் கருத்துத் தடித்து வரும், உள்ளங்கையில் மட்டும் வராது. சோளமே முக்கிய உணவாக இருந்த தக்காணப் பகுதிகளில் முன்பு நிறைய இருந்தது. அளவுக்கு மீறிக் குடிப்பவர்களிடமும், காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடும் சிலரிடமும் இன்றும் பார்க்கலாம். நன்றாகச் சாப்பிடும் ஒருவருக்கு உள்ளங்கை மட்டும் உரிந்தால் வைட்டமின் மாத்திரையில் பெரிய பலன் இருக்காது. வைட்டமின் ஏ அளவுக்கு அதிகமானால் அதுவே தோலை உரிக்கும்.

சரி, என்ன செய்யலாம்? முதல் வேலை, உரியும் தோலைப் பிய்க்காமல் இருப்பது. டிவி பார்த்துக்கொண்டே நுனியைப் பிடித்து இழுப்போம், அது உயிருள்ள தோல்வரை கிழிந்து ரத்தம் வரும், அங்கே சீழ் பிடிக்கும். நீட்டிக்கொண்டிருப்பதைச் சுத்தமான கத்தரியால் ஓரமாக வெட்டிவிட்டால் போதும். வெந்நீரில் உப்பு போட்டு ஊற வைப்பது, எலுமிச்சைத் தோலால் தேய்ப்பது, பீர்க்கங்காய் நாரால் உரசுவது எல்லாம் ஏற்கெனவே சாந்து போன சுவரை மறுபடி இடிப்பதுதான்.

கழுவ வேண்டிய நேரத்தில் கழுவத்தான் வேண்டும், ஆனால் வெந்நீர் வேண்டாம். காரம் குறைந்த, மணம் கலக்காத கழுவுநீர் நல்லது. அழுக்கு கண்ணுக்குத் தெரியாதபோது சோப்புக்குப் பதில் கிளிசரின் கலந்த சானிடைசர் போடுவது தோலுக்குக் குறைந்த கெடுதல் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையிலேயே கிளிசரின் சேர்த்திருக்கிறது. வெடித்த இடத்தில் எரிவதால் சானிடைசர்தான் காரணம் என்று நினைத்துவிடுகிறோம், வெடிக்க வைத்தது பெரும்பாலும் சோப்பு. துடைக்கும்போது விரல் இடுக்குகளையும் ஒற்றி எடுங்கள்.

அடுத்தது பூசுவது. கழுவி, லேசாக ஈரம் இருக்கும்போதே, ஓரிரு நிமிடத்துக்குள் பூச வேண்டும். ஒவ்வொரு முறை கழுவிய பிறகும், ஒரு நாளில் எட்டோ பத்தோ தடவை ஆனாலும் சரி. ஆள்காட்டி விரலின் மேல் கணு நீளத்துக்கு ட்யூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும், ஒரு கையின் இரு பக்கத்துக்கும் அது போதும். விலை முக்கியமே இல்லை. வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லிதான் இன்றும் ஈரத்தைத் தடுப்பதில் முன்னால் நிற்கிறது, விலையும் குறைவு. பிசுபிசுப்பு பிடிக்காதவர்கள் பகலில் கிரீமும் இரவில் ஜெல்லியும் வைத்துக்கொள்ளலாம். பூசிவிட்டுப் பழைய பருத்திச் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு படுத்தால் காலையில் வித்தியாசம் தெரியும். தேங்காய் எண்ணெய் நல்லதுதான், ஆனால் வெடிப்பு ஆழமாக இருந்தால் அது மட்டும் போதாது. தடித்துப் போன தோலுக்கு யூரியா 10 சதவீதம் உள்ள கிரீம் உதவும், வெடித்த இடத்தில் போட்டால் எரியும், அங்கே ஜெல்லிதான் சரி.

பாத்திரம் கழுவும்போது ரப்பர் கையுறை போடுங்கள், அதற்கு உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து அதுவே ஈர வேலையாகிவிடும். கால் மணி, இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து போடாமல் கழற்றி ஆற விடுங்கள். ஓட்டை விழுந்த கையுறை, போடாததைவிட மோசம், சோப்புத் தண்ணீர் உள்ளே சிறைப்பட்டுவிடும். ரப்பர் சேர்மங்களே சிலருக்கு ஒவ்வாது, அவர்களுக்கு வினைல் கையுறை.

இவ்வளவும் ஒழுங்காக மூன்று வாரம் செய்தும் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சீழ், வீக்கம், காய்ச்சல் வந்தால் மூன்று வாரம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம், உடனே போங்கள். ஒவ்வாமை என்று சந்தேகம் இருந்தால் முதுகில் பல பொருட்களை ஒட்டி இரண்டு, நான்கு நாட்கள் கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள். போகும்போது வீட்டில் பயன்படுத்தும் சோப்பு, கையுறை, தலைக்குப் போடும் டையின் பெட்டி எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் அவர்களுக்கு எளிது.

கைரேகை விஷயத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் பலருக்கு இது தோலைவிடப் பெரிய கவலை. ரேகையின் அச்சு தோலின் ஆழத்தில் இருக்கிறது, மேல் அடுக்கு உரிவதால் அது அழிவதில்லை. புதுத் தோல் வந்ததும் அதே ரேகை திரும்பி வரும். ஆனால் உரிந்திருக்கும்வரை கருவிக்குத் தெரியாது. மலேசியாவில் கை அழற்சி உள்ள 100 பேரை வைத்துச் செய்து 2013-இல் வெளியான ஆய்வில் 27 பேருடைய ரேகை ஒத்துப்போகவில்லை, நல்ல தோல் உள்ள 100 பேரில் 2 பேருக்குத்தான் அப்படி ஆனது. கேபசிட்டபின் என்ற புற்றுநோய் மாத்திரையும் உள்ளங்கையை உரிக்கும். அதைச் சாப்பிட்டுவந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவரை 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் ரேகை இல்லை என்று நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அவருடைய மருத்துவர் அதை மருத்துவ இதழில் கடிதமாகவே எழுதினார். நம் ஊரில் ஆதாருக்குப் பத்து விரலும் கருவிழியும் பதிவாகியிருப்பதால், ஒரு விரல் பதியாவிட்டால் மற்ற ஒன்பதையும் முயலலாம். கருவிழிக் கருவி இருக்கும் இடத்தில் அதைக் கேட்கலாம். விரல் பதியவில்லை என்பதற்காக யாரும் அரிசி வாங்காமல் திரும்பி வரக் கூடாது.

அத்தைக்குப் பேட்ச் டெஸ்டில் பூண்டுதான் என்று உறுதியானது. ஊறுகாயை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, அதுதான் அவர் வருமானம். இப்போது பூண்டை வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறப்போட்டு, வடித்து, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் கொட்டிக் குலுக்குகிறார். முக்கால்வாசித் தோல் அதிலேயே கழன்றுவிடுகிறது, மிச்சத்தை மாமா உரிக்கிறார். பாத்திரத்துக்கு முன் மோதிரத்தைக் கழற்றி ஜன்னலில் வைக்கிறார், ஜெல்லி டப்பாவும் அங்கேயே இருக்கிறது. இரண்டரை மாதம் ஆனது. போன வாரம் ரேஷன் கடைக்குக் கூடப் போயிருந்தேன். பழக்கத்தில் வலது மோதிர விரலைத்தான் முதலில் நீட்டினார். கடைக்காரர், "கட்டைவிரல் வைச்சுப் பாருங்கம்மா" என்றார். பச்சை விளக்கு எரிந்தது.